ஏ.சி. காற்று கண்ணாடிக்கு மட்டுமே போவது பற்றிய புகார்

சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சர்வீஸ் சென்டரில் என் காருக்கு பேட்டரி மாற்றியதிலிருந்து, எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஏ.சி. காற்று முன் கண்ணாடிக்குத்தான் போகிறது. முகத்துக்கு வைத்தாலும் அங்கேதான், காலுக்கு வைத்தாலும் அங்கேதான். திரையில் அம்புக்குறி மட்டும் ஒழுங்காக மாறுகிறது. குளிர்ச்சியில் குறையே இல்லை என்று வரும்போதெல்லாம் சொல்கிறேன், நீங்களும் காஸ் அழுத்தம் பார்த்து, கேபின் ஃபில்டரை மாற்றி, கையில் பில்லைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். காஸ் குறைந்தால் குளிர் குறையும், ஃபில்டர் அடைத்தால் காற்றின் வேகம் குறையும். திசை மாறாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வண்டியைச் செய்தவர்களுக்கு இதை நானா சொல்ல வேண்டும்?

ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் டக் டக்கென்று கொஞ்ச நேரம் சத்தம் வருகிறது. வெளியே ஒரு மெக்கானிக் அதைக் கேட்டதுமே, காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப்பை நகர்த்துகிற ஆக்சுவேட்டரில் பிளாஸ்டிக் பல்சக்கரம் போயிருக்கலாம், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் ஃபிளாப்பை கேலிபிரேட் செய்யாமல், அதாவது அதன் நிலையை மறுபடி சரிப்படுத்தாமல் விட்டிருப்பார்கள் என்றார். உங்கள் ஆட்கள் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரையாவது மாட்டினார்களா? ஜாப் கார்டில் இருப்பது 'ஏ.சி. செக் செய்யப்பட்டது' என்ற ஒரே வரி.

அந்த சர்வீஸ் அட்வைசரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாதி நாள் உட்காரவைத்துவிட்டு, கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே "காத்து வருதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். ஈரப்பதம் அதிகமுள்ள இரவுகளில் குளிர்காற்று ஓயாமல் அடித்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிமூட்டம் படிகிறது, எதிரே வருகிற வண்டி தெரியாமல் வைப்பரைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறேன் என்றேன். "அப்ப ஏ.சி.யை ஆஃப் பண்ணிடுங்க." இதற்குத்தான் லீவு போட்டு வந்தேனா? ஃபில்டர் மாற்றுகிறேன் என்று கழற்றிய கிளவ் பாக்ஸையும் சரியாக மாட்டவில்லை, பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறந்துகொள்கிறது. என் வேலை, தூக்கம், நிம்மதி எல்லாம் போயிற்று, இந்த வண்டியைச் சும்மா கொடுத்தாலும் இனி யாரும் வாங்க மாட்டார்கள்.

வாரண்டி இன்னும் முடியவில்லை. தயவுசெய்து விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஆக்சுவேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், தேவையில்லாமல் மாற்றிய ஃபில்டர்களின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இந்த வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸ்தான், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். பில், ஜாப் கார்டு, அந்தச் சத்தத்தின் வீடியோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்த அட்வைசர் மட்டும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்