எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எதைத் தட்டச்சு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘மீட் த பிரஸ்’ என்ற பேட்டி நிகழ்ச்சி பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தேன். 1947 நவம்பர் 6 அன்று தொடங்கிய நிகழ்ச்சி இன்றும் வருகிறது என்று அதன் வயதைத்தான் கட்டுரையாளர் வியந்திருக்கிறார். எனக்கு அவர்கள் உட்கார்ந்த முறைதான் பிடித்தது. பதில் சொல்ல ஒருவர், எதிரே நிருபர்கள் நாலு பேர், ஒழுங்குபடுத்த ஒருவர்.

நான் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் 29 வருடம் தட்டச்சராக இருந்தவள். சாட்சி சொல்வதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். இரண்டு வக்கீல்கள் சேர்ந்தாற்போல் எழுந்து பேசினால் என் விரல் தானாக நின்றுவிடும். மெஷின் சத்தம் நின்றதும் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். ஒருவர் உட்கார்ந்துவிடுவார்.

இப்போது டிவியில் ராத்திரி விவாதம் பார்க்கும்போதும் பழக்கதோஷம், மடியில் விரல் ஆடுகிறது. பத்து நிமிடத்தில் ஒரு முழு வாக்கியம் தேறுவதில்லை.

கட்டுரையில் இரண்டு சங்கதி விட்டுப்போயிருக்கிறது. அந்த நிகழ்ச்சியை முதலில் நடத்தியவர் மார்த்தா ரவுண்ட்ரீ என்ற பெண். 1953இல் அவர் போன பிறகு அந்த நாற்காலியில் அடுத்த பெண் உட்கார 2023 ஆயிற்று. இதைக்கூடவா எழுதாமல் விடுவது?

மற்றது கோர்ட் சம்பந்தப்பட்டது. 1948இல் விட்டேக்கர் சேம்பர்ஸ் என்பவர், அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த ஆல்ஜர் ஹிஸ்ஸைக் கம்யூனிஸ்ட் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். அங்கே சொன்னதற்கு வழக்குப் போட முடியாது. அதே நிகழ்ச்சியின் வானொலி ஒலிபரப்பில் ஒரு நிருபர், ‘இங்கே சொல்வீர்களா?’ என்ற மாதிரி கேட்டார். சேம்பர்ஸ் சொல்லிவிட்டார். ஹிஸ் மானநஷ்ட வழக்குப் போட்டார். அதில் வெளிவந்த ஆவணங்களே ஹிஸ்ஸுக்கு வினையாகி, 1950இல் பொய்ச்சாட்சி சொன்னதற்காகத் தண்டனை பெற்றார். நிருபர் கேட்டது ஒரே கேள்வி. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

நம் தூர்தர்ஷனிலும் 1985இல் ‘ஜனவாணி’ என்று வந்தது. பொதுஜனங்கள் கேட்க, மத்திய மந்திரிகள் பதில் சொல்வார்கள். எங்கள் சாலிடேர் பெட்டிக்குப் படம் வர மாடியில் ஒரு பையன் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பான். பேச்சு ஹிந்தி. பிரசார சபா பரீட்சை எழுதிய எதிர்வீட்டு அக்கா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மந்திரி அடுத்த பதிலுக்குப் போயிருப்பார். ஆனாலும் மந்திரி எச்சில் விழுங்குவது எங்களுக்குப் புரிந்தது. அதற்கு எந்த பாஷையும் வேண்டியதில்லை.

தமிழ்ச் சானல்கள் வாரம் அரை மணி நேரம் இப்படி ஒதுக்கலாம். கேட்க எங்கள் மாவட்டத்திலேயே விஷயம் கிடக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. எத்தனை தோப்பு திரும்ப எழுந்தது என்று ஓர் அதிகாரியை உட்காரவைத்துக் கேட்கட்டும். அவர் பதில் முடியும்வரை குறுக்கே யாரும் வரக் கூடாது.

அந்தக் கேள்வி பதிலைத் தட்டச்சு செய்து உங்கள் பத்திரிகைக்கு அனுப்ப நான் தயார். காசு வேண்டாம். மெஷினுக்கு ரிப்பன் மட்டும் கடலூரில் கிடைக்கவில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோர்ட் தட்டச்சர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.