ஊசியைச் சொல்லாத அப்பாவுக்கு

ஜோனாஸின் அப்பாவுக்கு,

பெயர் சொல்லி அழைக்க வழியில்லை. உங்களை ‘தி கிவர்’ நாவலில் படைத்த எழுத்தாளர் லோயிஸ் லௌரி உங்களுக்குப் பெயரே வைக்கவில்லை. மகனுக்கு, மகளுக்கு, இரவில் மட்டும் உங்கள் வீட்டில் தங்கிப்போன கைக்குழந்தைக்குக்கூடப் பெயர் உண்டு. நீங்கள் வெறும் அப்பா. 1993-இல் அந்த நாவல் வெளிவந்தது, மறு ஆண்டே அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. முப்பது ஆண்டுகள் கடந்தும், அந்த நாவலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் “பாவம், அவருக்கு என்ன தெரியும்?” என்று உங்கள் பக்கம் நிற்க ஆட்கள் இருக்கிறார்கள். நானும் நின்றேன். இன்றோடு விலகுகிறேன். அதை உங்களிடமே சொல்லிவிடுவதுதான் முறை.

உங்கள் ஊரின் விதிகளை உங்களுக்கே ஒப்பிக்கப் போவதில்லை. கைக்குழந்தைகளை வளர்ப்பது உங்கள் வேலை, ஊருக்கு வேண்டாத குழந்தையை ‘அனுப்பிவைப்பதும்’ உங்கள் வேலைதான். நேராக அந்த அறைக்கு வருகிறேன்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேசை, எடைக்கருவி, அலமாரி. ஒரே முகத்தோடு இரண்டு ஆண் குழந்தைகள். இருவரும் ஊரில் உலவினால் குழப்பம் என்பதால் எடை கூடியவன் மட்டும் இருக்கலாம். நிறுத்துப் பார்க்கிறீர்கள். கனமானவனை ஒப்படைக்கிறீர்கள். இளைத்தவன் உங்களோடு தங்குகிறான். புட்டியிலிருந்து நிறமற்ற திரவத்தை ஊசியில் ஏற்றுகிறீர்கள். கையில் நரம்பு இன்னும் மெல்லிசு என்பதால் நெற்றியின் மேற்புறம், தோல் துடிக்கும் இடத்தில் குத்துகிறீர்கள். அவன் முனகுகிறான். வலிக்கும்தான் கண்ணு என்று தேற்றியபடியே மெல்ல அழுத்தி முடிக்கிறீர்கள். கைகால் வெட்டி இழுத்து அடங்குகிறது. அட்டைப்பெட்டியில் வைத்து, சுவரில் இருக்கும் சிறு கதவைத் திறந்து, குப்பை போகும் சரிவில் தள்ளிவிட்டு, டாட்டா காட்டுகிறீர்கள்.

லௌரியின் திறமை ஊசியில் இல்லை, உங்கள் குரலில் இருக்கிறது. அந்தக் கொஞ்சலை முந்தைய அத்தியாயங்களில் உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பழகியிருக்கிறோம். அறைக்குள் அது ஒரு சுருதிகூட மாறவில்லை. நீங்கள் பல்லைக் கடித்தோ கண்ணை மூடியோ செய்திருந்தால் எங்கள் வேலை எளிதாகியிருக்கும்.

உங்களுக்காக வாதாடுபவர்களின் வாதம் லேசானதல்ல. உங்கள் ஊரில் யாருக்கும் போர் நினைவில் இல்லை, சாவு நினைவில் இல்லை. பழைய நினைவுகளை ஒரே ஒரு கிழவர் மட்டும் சுமக்கிறார், அவரிடமிருந்து அவற்றை வாங்கிக்கொள்ளத் தேர்வானவன் உங்கள் மகன் ஜோனாஸ். குழந்தையின் உடல் அடங்கியதைப் பதிவில் பார்த்தபோது அது சாவு என்று ஜோனாஸுக்குப் புரிந்தது, அவனுக்குள் ஒரு போர்க்களத்தின் நினைவு ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்ததால். அங்கே ஒரு சிறுவன் இதே போல அடங்கியதை அவன் கண்டிருந்தான். அந்த நினைவு இல்லாத உங்கள் கண்ணுக்கு அது வெறும் அசைவின்மை. நினைவுகளைச் சுமக்கும் கிழவரும் இதையே சொல்கிறார்: உங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது அவ்வளவுதான், அதற்கு மேல் தெரியாது. அறியாதவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா? பதின்பருவ வாசகர்களுக்கு எழுதப்படும் இருண்ட எதிர்கால நாவல்களில் இதைவிடக் கடினமான கேள்வி வேறில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. இரட்டையர் பிறக்கப்போகிறார்கள் என்றீர்கள். உங்கள் வேலை என்ன என்பதை வரிசையாகச் சொன்னீர்கள்: எடை பார்ப்பேன், பெரியவனைக் கொடுத்துவிடுவேன், சின்னவனைச் சுத்தம் செய்து இதமாக வைப்பேன், சிறு சடங்கு, பிறகு கையசைப்பேன். அப்புறம் வெளியிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போவார்களா என்று உங்கள் மகள் லில்லி கேட்டாள். ஆமாம் என்றீர்கள்.

எடை பார்த்தது உண்மை, ஒப்படைத்தது உண்மை, கையசைத்தது உண்மை. ஊசியை மட்டும் சொல்லவில்லை. வராத ஆளை மட்டும் வருவார் என்றீர்கள்.

தான் செய்வதில் மறைக்க ஏதுமில்லை என்று நம்புகிறவர் பட்டியலில் இப்படி ஓர் ஓட்டை விடமாட்டார். சாவு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எதைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்பது தெரிந்திருந்தது. பன்னிரண்டு வயதில் ஒவ்வொருவருக்கும் வேலை ஒதுக்கும்போது ஜோனாஸ் கையில் கொடுத்த விதித்தாளின் கடைசி வரி, அவன் பொய் சொல்லலாம் என்றது. மற்றவர்களின் தாளிலும் அதே வரி இருந்திருந்தால் என்ன ஆவது என்று அன்றே அவன் பயந்தான். அந்தப் பயத்துக்குப் பதில் நீங்கள்தான்.

மன்னிக்கவும், கடுமையாகப் போய்விட்டது. உங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்டவுடனே ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டாம். கடுமைக்குக் காரணம் இருக்கிறது: உங்களால் விதியை மீற முடியும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 36-ஆம் எண் குழந்தை சரியாக வளரவில்லை என்று கலங்கி, பெயரிடும் நாளுக்கு முன்பே பட்டியலை ரகசியமாகப் பார்த்து அவனை கேப்ரியல் என்று கூப்பிட்டவர் நீங்கள். பெயர் சொல்லி அழைத்தால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினீர்கள். குழுவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சைக்கிளில் குழந்தை இருக்கை பொருத்தி, மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் திரும்பக் கொண்டுபோனீர்கள். அவன்மேல் பாசம் வைக்க மாட்டோம் என்று லில்லி உட்பட வீடே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்படியும் செய்தீர்கள். சிறுவயதிலேயே குழந்தைகள் காப்பகத்தில் தன்னார்வ நேரத்தைக் கழித்த உங்களுக்கு இந்த வேலையைத் தந்ததில் ஊரை ஆளும் பெரியவர்கள் தவறவில்லை. இவ்வளவு நல்ல அப்பா இந்த வகை நாவல்களில் அபூர்வம்.

அதே கேப்ரியல் ஓர் இரவு காப்பகத்தில் விடாமல் அழுதான். மறுநாள் கூட்டத்தில் அவனை அனுப்பிவிட நீங்களும் வாக்களித்தீர்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொன்னபோது உங்கள் குரல் கம்மவில்லை.

உங்கள் மகன் ஒருநாள், என்மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்டான். சிரித்தீர்கள். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கப் போவதில்லை என்பதால் ஓர் இடத்தில் எச்சரிக்கையாக இருக்கிறேன். அமெரிக்காவில் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் நீக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த நூல்களில் ‘தி கிவர்’ ஒன்று. சிசுக்கொலையும் கருணைக்கொலையும் தற்கொலையும் சிறுவர் நூலில் வரலாமா என்பது புகார். கருணைக்கொலை சரியா தவறா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் அறையில் கருணைக்கே இடமில்லை, அந்தக் குழந்தைக்கு எந்த நோயும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒன்று: அந்தக் காட்சி வரும் அத்தியாயத்தைப் பிள்ளை தனியாகப் படித்துவிட்டுத் தூங்கப் போகும்படி விடாதீர்கள்.

மற்ற நாவல்களோடு ஒப்பிட்டால் உங்கள் கனம் தெரியும். சிறார்களைச் சாகும்வரை மோதவிடும் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலில் வெறுக்க அதிபர் ஸ்னோ இருக்கிறார், வாசகருக்குச் சிரமமில்லை. அங்கே உங்களுக்கு உறவு அவரல்ல. கதாநாயகி காட்னிஸுக்கு ஒப்பனை செய்து சாகக் களத்துக்கு அனுப்பிவிட்டு அவளுக்காகக் கண்ணீரும் விடும் அந்த மூவர்தான். ‘அன்வைண்ட்’ (2007) கதையில் 13 முதல் 18 வயதுக்குள் பிள்ளையை உறுப்பு உறுப்பாகப் பிரித்துவிடப் பெற்றோரே கையெழுத்திடலாம், அதிலும் கத்தி பிடிப்பது வேறு கை. உங்களுடையது ஒரே கை. 2014-இல் வந்த திரைப்படம் உங்களைக் காப்பாற்றப் பார்த்தது. நாவலில் சடங்கு மேடையோடு ஒதுங்கிவிடும் தலைமைப் பெரியவரை மெரில் ஸ்ட்ரீப்பை நடிக்கவைத்துப் பெரிதாக்கி, பழியை அவர் தலையில் போட்டது. படம் சப்பென்று போனதற்கு அது ஒரு காரணம்.

லௌரி ஏன் உங்களை இவ்வளவு மென்மையாகப் படைத்தார் என்பதற்கு எனக்கொரு ஊகம் உண்டு. முதியோர் இல்லத்தில் இருந்த அவருடைய அப்பா, மூத்த மகள் இறந்ததையே மறந்து அவளைப் பற்றி விசாரித்தார். வலி மறந்துபோவது எவ்வளவு சுகம் என்ற எண்ணத்திலிருந்தும் இந்த நாவல் முளைத்ததாக லௌரி சொல்லியிருக்கிறார். மறந்துபோன ஓர் அப்பாவை யாரால் வெறுக்க முடியும்? ஆனால் அந்த முதியவர் யாரிடமும் எதையும் ஒளிக்கவில்லை.

கேப்ரியலைத் தூக்கிக்கொண்டு ஜோனாஸ் ஓடிப்போனது உங்கள் சைக்கிளில். அதில்தானே குழந்தை இருக்கை இருந்தது. அவன் எல்லை தாண்டியதும் அவன் சுமந்த நினைவுகள் ஊருக்குத் திரும்பிவிடும் என்பதுதான் கிழவர் போட்ட கணக்கு. அப்படியானால் அந்தப் போர்க்களச் சிறுவன் உங்களிடமும் வந்திருப்பான், ஜோனாஸுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காலையை லௌரி அந்த நாவலில் எழுதவில்லை. 2012-இல் வந்த ‘சன்’ நாவலில் கேப்ரியலைப் பதினான்கு வயதில் பெற்ற தாய் அவனைத் தேடிப் போகும் கதையைச் சொன்னார். உங்களைத் தேடி யாரும் போகவில்லை.

எனவே நானே கேட்டுவைக்கிறேன். அன்று எழுந்ததும் அண்ணனும் குட்டிப் பாப்பாவும் எங்கே என்று லில்லி கேட்டிருப்பாள். இந்த முறை அவளிடம் என்ன சொன்னீர்கள்?