தாத்தாவின் இருமல்

அன்புள்ள நெட்டை,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டிவலி உட்பட.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயதுப் பெண் குழந்தை, ஒரு மாத இருமல். நிமோனியா என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் எழுதியவன் நான்தான். இரண்டு தடவையும் அவள் அம்மா "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்றார், நானும் நம்பிவிட்டேன். மூன்றாம் தடவை எடை பார்த்தால் 11.2 கிலோ 10.6 ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே பெஞ்சில் இருந்த தாத்தா இருமினார். அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். காசநோய்! எனக்குக் கை நின்றுவிட்டது. வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையடா! நம் வாத்தியார் கட்டைக்குரல் இருந்திருந்தால் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருப்பார்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் வேர்ப்பக்கம் நெறி கட்டியிருந்தது. மாண்டூ தோல் பரிசோதனையில் தடிப்பு 14 மி.மீ., பாசிட்டிவ். ஆனால் கிருமி சிக்க வேண்டுமே. இந்த வயதில் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். போதாததற்குக் குழந்தைகளின் காசநோயில் கிருமியே குறைவு. விடியற்காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீர் எடுத்தோம். என் விரலைக் கடித்துவிட்டாள். இப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையை மலத்திலேயே செய்யலாம். அதையும் அனுப்பினேன். எல்லாம் நெகட்டிவ். நெகட்டிவ் வந்துவிட்டால் நோய் இல்லை என்றாகிவிடுமா? மருந்தை ஆரம்பித்துவிட்டேன். தாத்தாவின் சளியில் கிருமி இருந்தது, முக்கிய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் ரகம். குழந்தைக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டிலிருந்த கைக்குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுத்தேன்.

ஒரு நல்ல செய்தி: குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயை அடைக்காத லேசான நோய் என்றால் நாம் மனப்பாடம் செய்த ஆறு மாத மருந்து வேண்டாம், நான்கு போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மாத்திரையும் தண்ணீரில் கரைகிறது, நொறுக்கிக் கால் பங்கு அரைப் பங்கு என்று ஊகிக்கும் பாவம் இல்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று சொல்ல மறந்து, ராத்திரி பதினொரு மணிக்கு அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் முடிந்தது. நேற்று எடை 11.5. இப்போது தினம் இரண்டு மாத்திரை, பன்னிரண்டைத் தொட்டால் மூன்று. அந்த மூன்றாவது மாத்திரையை எழுதத்தான் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
சோடாபுட்டி