தம்பியைக் கொஞ்சம் வீட்டுக்கு அனுப்புங்கள்

பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், தெருவுக்குத் தெரு கூடி ஜெபிக்கும் அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும், மரியாயின் சேனை அக்காமாருக்கும், சாயங்காலம் கடற்கரையில் பந்து விளையாடும் இளைஞர் இயக்கத் தம்பிமாருக்கும்,

தோத்திரம்.

ஆப்பிரிக்காவில் இருந்து விடுமுறையில் வந்திருக்கும் நம் ஊர் டீக்கனுடைய அக்கா எழுதுகிறேன். குருப்பட்டத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கிற அவரை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும். எங்கள் அம்மாவே இப்போதெல்லாம் "சாமி, சாப்பிட வாங்க" என்கிறாள். ஆனால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனவள் நான். இந்த மடல் முடிகிறவரை அவன் என்றே எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே 2ஆம் தேதி வந்தான். ஜூன் 10ஆம் தேதி தான்சானியாவுக்குக் கிளம்ப வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு கிடைத்த 40 நாள். இறையியல் அங்கேதான் படித்தான், டீக்கன் பட்டமும் அங்கேதான் வாங்கினான். எங்களால் போக முடியவில்லை, வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தோம். ஆயர் அவன் தலையில் கைவைக்கிற நேரம் பார்த்து நெட்வொர்க் போய்விட்டது. ஊருக்கு வந்து இறங்கியதும் அம்மா முதல் வேலையாக அவன் தலையைத்தான் தடவிப் பார்த்தாள்.

சமையலறைக் காலண்டரில், பால் கணக்கு எழுதுகிற கட்டத்துக்குள்ளேயே, அவன் மதியம் வீட்டில் சாப்பிட்ட நாளுக்கெல்லாம் அம்மா ஒரு சின்னச் சிலுவை போட்டு வருகிறாள். நேற்று எண்ணிப் பார்த்தேன். 24 நாளில் 4 சிலுவை. அதிலும் ஒன்று, வயிறு சரியில்லாமல் அவன் கஞ்சி குடித்த நாள்.

மற்ற 20 நாள் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். போன வியாழக்கிழமையை மட்டும் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு ஜெபமாலை. ஆறு மணித் திருப்பலியில் மறையுரை. கோயிலை விட்டு வெளியே வரும்போதே புது வள்ளத்தை மந்திரிக்கக் கரைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அங்கே பக்கத்து வள்ளக்காரருக்கும் ஆசை வந்து, கடைசியில் மூன்று வள்ளம், இரண்டு இன்ஜின். பத்து மணிக்குக் கல்யாணம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனை, பொண்ணு மாப்பிள்ளையோடு போட்டோ எடுக்க எழுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு, முதல்முறை நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஆறு மணிக்கு மாதா வணக்கமாத ஜெபமும் நற்கருணை ஆசீரும். ஏழரைக்கு ஒரு அன்பியக் கூட்டம், எட்டரைக்கு இன்னொன்று, இரண்டிலும் கேசரி. அப்புறம் "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க டீக்கன்" என்று நாலு வீடு. பதினொன்றரைக்கு வந்தவன், அம்மா மூடி வைத்திருந்த சாளை அவியலைத் திறந்து பார்த்தான், மோந்து பார்த்தான், திரும்ப மூடிவிட்டுப் படுத்துக்கொண்டான். மறுநாள் ஐந்து மணிக்கு வாசலில் பைக் ஹாரன்.

அவனுக்கு விடுமுறை கிடைத்த மாதம் அப்படி. ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆம்பிளைகள் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள். தவக்காலத்தில் வைக்காத கல்யாணமெல்லாம் இப்போதுதான் நடக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. மே என்பதால் மாதாவின் வணக்க மாதம் வேறு. ஊரே சும்மா இருக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்துவிட்டோமோ?

டீக்கன் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. திருமுழுக்குக் கொடுக்கலாம், மறையுரை வைக்கலாம், பங்குத்தந்தை அதிகாரம் கொடுத்தால் கல்யாணத்தை நடத்திவைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். திருப்பலி, பாவத்தைக் கேட்டு மன்னிக்கிற பாவசங்கீர்த்தனம், நோயாளிக்கு எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதல் மூன்றும் குருப்பட்டம் வாங்கிய பிறகுதான். நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி கோயில் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தன் கல்யாணக் காலத்தில் இருந்து செய்த பாவத்தையெல்லாம் மடமடவென்று சொல்லிவிட்டாள். அவன் நடுவில் தடுக்கப் பார்த்தும் அவளுக்குக் காது கேட்கவில்லை. "பாட்டி, எனக்கு இன்னும் அந்த அதிகாரம் இல்லை" என்று கடைசியில் உரக்கச் சொன்னதும் பாட்டிக்கு வந்ததே கோபம். "அப்பம் எதுக்குல எல்லாத்தையும் கேட்ட?" இதை அவனே சொல்லிச் சிரித்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு நோயில்பூசுதலுக்கு அவனை எழுப்பிக் கூட்டிப்போனது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த வீட்டுக்கு அப்புறம் பங்குச் சாமிதான் வரவேண்டியிருந்தது, நோயாளிக்கு அரை மணி நேரம் வீண்.

டீக்கன் என்ற பொறுப்பு எப்படி வந்தது என்று பைபிளில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லா வேலையையும் தங்களால் பார்க்க முடியாது என்று திருத்தூதர்களே ஒத்துக்கொண்டு, பந்தியில் பரிமாறுகிற வேலைக்கு முடியப்பர் (ஸ்தேவான்) உட்பட ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டக் கூடாது என்பதற்காக உண்டான பொறுப்பு அது. அந்தப் பொறுப்பில் இருக்கிறவனை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் பாருங்கள்.

இதைப் போன வாரம் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "புனித சவேரியார் இதே கரையில ஊரூராத் திருமுழுக்குக் குடுத்துக் கை ஓஞ்சுபோச்சுன்னு எழுதலையா? அவரு லீவு கேட்டாரா?" என்றார். உண்மைதான், கை ஓய்ந்துபோவதாக 1544இல் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1542 அக்டோபரில் தூத்துக்குடியில் இருந்து எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: இந்த ஊர்ப் பிள்ளைகள் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவரை அவரைத் குருக்கள் தினமும் சொல்ல வேண்டிய கட்டளை ஜெபத்தைச் சொல்லவும் விடவில்லை, சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை. ஆக, நம் கரைக்கு இந்தப் பழக்கம் ஐந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு!

ஆனால் பெரியவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. நோயாளிகளைப் பார்க்க எல்லா வீட்டுக்கும் தன்னால் போக முடியாது என்றானதும் சவேரியார் ஜெபம் கற்ற பிள்ளைகளைத்தான் அனுப்பிவைத்தார். போர்ச்சுகல் அரசிக்குச் செருப்புச் செலவுக்கென்று இந்தக் கரையில் இருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை ('பணம்' அந்தக் காலத்து நாணயம்) கேட்டு வாங்கி, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை வைத்து ஜெபம் நடத்தச் செய்தார். அவர் இல்லாத நாளிலும் கோயில் நடந்தது. இன்னொன்று, அவருக்கு வீட்டில் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்க அம்மா இல்லை. 1529லேயே இறந்துவிட்டார்.

தம்பி இருக்கிற பங்கில் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறதாம். கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு சொன்னான், எனக்குக் கிடைத்த ஒரே ராத்திரி. அங்கே அவனை 'ஷெமாசி' என்கிறார்களாம். சுவாகிலி மொழியில் டீக்கனுக்கு அதுதான் பெயர். நம் பக்கத்தில் சிரிய வழிபாட்டு மரபில் இருக்கும் மலங்கரைக் கத்தோலிக்கர் 'செம்மாசன்' என்கிறார்களே, இரண்டும் ஒரே சிரியச் சொல்லில் இருந்து வந்தவை. தாய்ப்பங்கைச் சுற்றி 17 கிளை ஊர்கள். மழைக்காலத்தில் சில ஊர்களுக்கு வண்டி போகாது, மாதத்துக்கு ஒரு திருப்பலி கிடைத்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் 'கத்தேகிஸ்தா', அதாவது நம் உபதேசியார், கோயில் மணியை அடித்து ஜெபத்தை நடத்துகிறார். வாரம் முழுக்க மக்காச்சோளக் காட்டில் மண்வெட்டி பிடிக்கிற ஆள். சாவு விழுந்தாலும் அவர்தான் முன்னால் நிற்கிறார். நம் அன்பியம் மாதிரி அங்கே 'ஜுமுயியா' உண்டு; நோயாளி வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதில் இருந்து குடும்பச் சண்டையைத் தீர்ப்பதுவரை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். "சாமி வரட்டும்னு யாரும் காத்துக்கிட்டு இருக்கிறதில்லக்கா" என்றான். குறையாகச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா தெரியவில்லை. கேட்பதற்குள் தூங்கிவிட்டான்.

நமக்கு இங்கே தினமும் திருப்பலி, கூப்பிட்ட குரலுக்குப் பங்குச் சாமி. இருந்தும் அங்கி போட்ட ஆள் ஒருவர் வந்து உட்காராவிட்டால் அன்பியக் கூட்டம் நடக்க மாட்டேன் என்கிறது. போன மாதம்வரை ஜெபமாலையை நீங்கள்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? அவன் வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் எப்படி?

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த 20 நாளில் 3 நாள் என் கணக்கு. என் மாமியார் ஊருக்குக் கூட்டிப்போய், கொழுந்தனார் வீடு, அவர் கடை, ஒரு ஆட்டோ என்று வரிசையாக மந்திரிக்க வைத்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னும் 15 நாள் இருக்கிறது. வாக்குக் கொடுத்த இரண்டு கல்யாணங்களுக்கும் புதுநன்மைத் திருப்பலிக்கும் கட்டாயம் வருவான். புதிதாக எதற்கும் கேட்காதீர்கள். பாராட்டு விழாவும் பிளக்ஸ் போர்டும் வேண்டாம். டீக்கன் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்குப் பிறகு எப்படியும் நம் கோயிலில்தான் குருப்பட்டம். அன்றைக்கு வாணவேடிக்கைகூட விடுங்கள், நானே நன்கொடை தருகிறேன். கவரில் வைத்துக் கொடுத்த காசையெல்லாம் பெயர் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான், ஒரு கிளைக் கோயிலுக்குத் தகரக் கூரை போடப்போகிறானாம். கவர் கொடுக்கிறவர்கள் என்னிடமே கொடுத்துவிட்டுப் போகலாம், அவன் கையில்தான் கொடுப்பேன் என்று உட்கார வேண்டாம்.

பந்து விளையாடும் தம்பிமார் மட்டும் வழக்கம்போல வரலாம். அங்கே அவனை யாரும் சாமி என்பதில்லை, கோல் விட்டால் கெட்ட வார்த்தையில் திட்டுவதாகக் கேள்வி. ஏழு மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இன்று காலையில் இருந்து அவனுடைய போன் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
டீக்கனின் அக்கா