அந்த அட்டவணையை எடுத்துவிடுங்கள்: குடிமையியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குடிமையியல், பொருளியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

அரசு முறைகளையும் பொருளாதார அமைப்புகளையும் விளக்கும் பாடத்தில் பெரும்பாலும் ஓர் அட்டவணை வரும். இடப்பக்கம் மக்களாட்சி, அதன் கீழே தனியுடைமை, சந்தை, போட்டி. வலப்பக்கம் சர்வாதிகாரம், அதன் கீழே அரசுடைமை, மையத் திட்டமிடல். இரு வேறு கேள்விகளின் விடைகளை ஒரே கட்டத்தில் அடைக்கும் இந்த அட்டவணையை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள்.

ஆள்பவர் எப்படி வருகிறார், அவரை எப்படி இறக்குவது என்பது ஆட்சிமுறை பற்றிய கேள்வி. நிலமும் ஆலையும் யாருக்குச் சொந்தம், எதை எவ்வளவு செய்வது என்பதை விலை தீர்மானிக்கிறதா ஆணை தீர்மானிக்கிறதா என்பது பொருளாதாரம் பற்றியது. முதலாவதற்கு வரும் விடையை வைத்து இரண்டாவதன் விடையைச் சொல்லிவிட முடியாது. சிலியில் 1973-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் தேர்தலை ஒழித்தது. விலைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றதும் அதே ஆட்சிதான். பிரிட்டனில் 1945 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி, 1947-இல் நிலக்கரிச் சுரங்கங்களையும் 1948-இல் ரயில்வேயையும் அரசுடைமை ஆக்கியது. 1951 தேர்தலில் தோற்றதும் பதவி விலகியது. இந்த இரண்டு நாடுகளையும் உங்கள் அட்டவணையில் எங்கே வைப்பீர்கள்?

பொருளாதாரக் கேள்வியையும் இரண்டாக உடைக்க வேண்டும். உடைமை வேறு, ஒதுக்கீடு (எதை எவ்வளவு செய்வது என்பதை விலையோ ஆணையோ தீர்மானிப்பது) வேறு. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் கார் ஆலைகள் தனியாருடையவை. ஆனால் 1942 பிப்ரவரியில் பயணியர் கார் உற்பத்தி அரசு ஆணையால் நின்றது, சர்க்கரையும் டயரும் பங்கீட்டுக்கு வந்தன. யூகோஸ்லாவியாவில் இதற்கு நேர்மாறு: ஆலைகள் சமூக உடைமை, 1950 சட்டத்துக்குப் பின் தொழிலாளர் குழுக்கள் அவற்றை நிர்வகித்தன, பொருள்கள் பெருமளவு சந்தைக்குப் போயின.

மையத் திட்டமிடல் ஏன் தடுமாறியது என்பதற்கு ‘உழைக்க ஊக்கம் இல்லை’ என்ற ஒற்றை வரி போதாது. சோவியத் ஒன்றியத்திலும் ரூபிளில் சம்பளம் உண்டு, கடையும் உண்டு. (அங்கே பணமே கிடையாது என்று விடைத்தாளில் எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள்.) பல பொருள்களின் விலையை அரசு நிர்ணயித்து ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தது, மக்கள் கையில் காசு கூடியபோதும் விலை அசையவில்லை. தட்டுப்பாட்டை விலை காட்டாவிட்டால் கடை வாசலில் நிற்கும் வரிசை காட்டும். மூலப்பொருள் எப்போது வரும் என்று ஆலை மேலாளருக்குத் தெரியாது. அதனால் தேவைக்கு மேல் கேட்டு வாங்கிப் பதுக்குவார். அந்தப் பதுக்கல் பக்கத்து ஆலையில் தட்டுப்பாடாக முளைக்கும். இலக்கை டன்னில் வைத்தால் பொருள் கனக்கும், எண்ணிக்கையில் வைத்தால் சிறுக்கும். நட்டம் வந்தால் அரசு ஏற்றுக்கொள்ளும் என்பதால் சிக்கனம் பிடிக்க யாருக்கும் காரணமில்லை. இவையெல்லாம் கொள்கையின் பெயரைப் பார்த்து வருவதில்லை. சந்தைப் பொருளாதாரத்தில் வாடகைக்குத் தாழ்ந்த உச்சவரம்பு வைத்தாலும் காத்திருப்போர் பட்டியல் நீளும். அரசு எப்படியும் மீட்கும் என்று நம்பும் வங்கியும் துணிந்து கடன் கொடுக்கும்.

சந்தையின் குறைகளையும் ‘பேராசை’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஆலைப் புகையால் வரும் நோயின் செலவு அந்த ஆலைப் பொருளின் விலையில் ஏறுவதில்லை. வெள்ளத் தடுப்புக் கரைக்குக் காசு தராதவர் வீட்டை மட்டும் வெள்ளத்தில் விட முடியாது. அதனால் யாரும் தானாக முன்வந்து தர மாட்டார்கள், வரிதான் வழி.

அடுத்து ‘கலப்புப் பொருளாதாரம்’. எங்கும் பொருந்தாததை எல்லாம் அள்ளிப்போடும் மூட்டையாக அது ஆகிவிட்டது. எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லாத வரை அந்தப் பெயரால் பயனில்லை. பிரான்சில் அரசின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல். தொழில்களோ பெரும்பாலும் தனியாரிடம். சிங்கப்பூரில் அரசின் செலவு கால் பங்குக்கும் கீழ். ஆனால் நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது, சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அரசு கட்டிய அடுக்ககங்களில் வசிக்கிறார்கள். இவற்றில் எது ‘அதிக சோசலிசம்’ என்று கேட்டால், எதை வைத்து அளப்பது என்று மாணவர் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆட்சிப் பகுதியில் ஒரு திருத்தம் மட்டும். குடியரசும் மக்களாட்சியும் ஒன்றல்ல: ஜப்பானில் பேரரசர் உண்டு, தேர்தலும் உண்டு, வட கொரியாவின் பெயரிலேயே குடியரசு இருக்கிறது.

‘இது எவ்வகை நாடு?’ என்ற வினாவுக்குப் பதிலாக இப்படி ஒன்றைக் கேட்கலாம்: ஒரு நாட்டில் மன்னர் பரம்பரையாக வருகிறார், தலைமை அமைச்சரை நாடாளுமன்றம் நீக்கலாம், மிகப் பெரிய எண்ணெய் நிறுவனத்தில் 67 விழுக்காட்டுப் பங்கு அரசிடம் இருக்கிறது, அதன் எண்ணெய் உலகச் சந்தை விலைக்கு விற்கிறது. அரசுத் தலைமை, ஆட்சி நீக்கம், உடைமை, ஒதுக்கீடு ஆகிய நான்கையும் தனித்தனியே கூறுக. (நாடு நார்வே.) விடைக்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வையுங்கள், ‘சோசலிச நாடு’ என்று மட்டும் எழுதியவருக்கு மதிப்பெண் வேண்டாம்.

இப்படிக்கு,
அரசியலும் பொருளியலும் கற்பிக்கும் சிலர்