முதியோர் இல்லக் கருத்துக்கணிப்பு: கோளாறு கேள்வியில்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதியோர் இல்லங்களுக்குத் தரவரிசை வேண்டும், அதற்கு அங்கே தங்கியிருப்பவர்களிடமே கருத்துக் கேட்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு கொடுத்திருந்த மாதிரிக் கேள்விகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. "இல்லத்தில் வழங்கப்படும் உணவின் தரம், அளவு மற்றும் நேரந்தவறாமை குறித்துத் தாங்கள் எந்த அளவுக்கு மனநிறைவு கொண்டுள்ளீர்கள்?" என்று ஒரு கேள்வி. கீழே ஐந்து கட்டம். எண்பது வயதுக்காரரிடம் இதை வாசித்தால், கடைசி வார்த்தை வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகும். சாப்பாடு ருசிதான், ஆனால் ராத்திரி இட்லி ஆறிப்போய்த்தான் வருகிறது என்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

என் பெரியம்மா இருக்கும் இல்லத்துக்கும் இப்படி ஒரு படிவத்தோடு கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் சொல்லுங்க பாட்டி என்றாள். பெரியம்மா, "எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கோம்மா, உனக்கு மார்க் குறையக் கூடாதில்ல" என்றார். மதிப்பெண் அந்தப் பெண்ணுக்கு என்றே நினைத்துவிட்டார். வார்டன் அம்மா வேறு கதவருகிலேயே நின்றிருந்தார். ராத்திரி பாத்ரூம் போகக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை என்று இதே பெரியம்மா என்னிடம் புலம்பாத வாரம் கிடையாது. படிவத்தில் அதற்கும் சேர்த்து ஐந்துதான் விழுந்தது.

மறதி உள்ளவர்களை விட்டுவிட்டு, ஊழியர்களையோ பிள்ளைகளையோ கேட்டு நிரப்பிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கும் நர்சிங் ஹோம்களிலும் (நம் ஊர் பிரசவ ஆஸ்பத்திரி அல்ல) நெடுநாள் பெரும்பாலும் ஊழியர் பார்த்து எழுதுவதுதான் நடந்தது. 2010 அக்டோபரில் அங்கே மதிப்பீட்டுப் படிவத்தை மாற்றினார்கள். நினைவாற்றல், மனச்சோர்வு, வலி, அன்றாட விருப்பங்கள் எல்லாவற்றையும் முதலில் அந்த முதியவரிடமே கேட்க வேண்டும், அவரால் முடியாவிட்டால்தான் ஊழியரிடம் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். ஓரளவு பேசிப் புரியவைக்க முடிந்தவர் என்றால், மறதி நோய் இருந்தாலும் கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த விருப்பப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. என்ன உடுத்துவது என்று நீங்களே முடிவு செய்வது எவ்வளவு முக்கியம்? எத்தனை மணிக்குப் படுப்பது என்பது? தனியாக ஃபோன் பேச இடம் இருப்பது? உங்கள் சாமானைப் பூட்டி வைக்க ஓர் இடம் இருப்பது? இப்படித் தனித்தனியாக, கையால் தொட்டுக் காட்டலாம் போன்ற விஷயங்களைக் கேட்கிறார்கள். பதில்களில் ஒன்று, "முக்கியம்தான், ஆனால் என்னால் முடியாது அல்லது எனக்கு அந்த வாய்ப்பில்லை." நம் ஊர்ப் படிவம் எதிலும் இப்படி ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டம் இல்லாவிட்டால், பூட்டு வைத்த அலமாரி கிடைக்காமல் மனதைத் தேற்றிக்கொண்டவர், "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று சொல்லிவிடுவார். 'தேவையில்லை' என்று பதிவாகிவிடும்.

கேட்கும் முறைக்கும் அங்கே கையேடு இருக்கிறது. கேட்பவர் தன் முகத்தில் வெளிச்சம் விழ, முதியவருக்கு எதிரே உட்கார வேண்டும். காது மிஷின் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பதில்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் காட்ட வேண்டும். ஒரு கேள்விக்குள் இரண்டு இருந்து அவர் திணறினால், "பசி குறைந்திருக்கிறதா?", அப்புறம் "அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா?" என்று பிரித்துக் கேட்க வேண்டும். நம் ஊருக்கு இன்னொன்றும் சேர்க்கலாம். "வலி ஒன்றும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் "ஆமாம்" எந்த ஆமாம் என்று கேட்டவருக்கே தெரியாது. "கடந்த இரண்டு வாரத்தில்" என்பதைவிட "அமாவாசையிலிருந்து இன்று வரைக்கும்" என்றால் பலருக்குப் பிடி கிடைக்கும். தனி இடத்தில் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹாலில் டிவி ஓட, நிர்வாகத்து ஆள் நிற்க, யார் குறை சொல்வார்கள்? அங்கேதானே நாளைக்கும் சோறு?

படிக்காதவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் முதியவர்களின் நினைவாற்றலைச் சோதிக்க 1990களில் இந்தியில் ஒரு கேள்வித் தொகுப்பு செய்தார்கள். 100லிருந்து ஏழு ஏழாகக் கழி என்ற ஆங்கிலச் சோதனைக்குப் பதிலாக 20லிருந்து மூன்று மூன்றாகக் கழி என்றார்கள். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். பள்ளிக்கூடம் போகாதவரை அறிவில்லாதவராகக் காட்டிவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

ஆகவே கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏதாவது ஓர் இல்லத்தில் நாலைந்து பேரோடு உட்காருங்கள். பதிலை எழுதிக்கொண்டு எழுந்துவிடாமல், "நான் என்ன கேட்டேன், உங்க வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள். ஐந்து கட்டத்தை விட்டுவிட்டு முதலில் உண்டா இல்லையா, அப்புறம் கொஞ்சமா நிறையவா என்று இரண்டு படியாக வைத்துப் பாருங்கள். முடிவை வெளியிடும்போது, எத்தனை பேர் தாங்களே பதில் சொன்னார்கள், எத்தனை பேருக்காக வேறு யாரோ சொன்னார்கள், எத்தனை பேரைக் கேட்கவே இல்லை என்று மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். அது இல்லாமல் வரும் தரவரிசையை நம்பி என் வீட்டாரை எந்த இல்லத்திலும் நான் சேர்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு தாம்பரம்.