கலே வழியாகப் போகிற மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாயிருக்க நல்லூரான் துணை. அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அக்காவின் சின்னவன் கதிரையைப் பிடித்துப் பிடித்து நடக்கிறான். மிச்சமெல்லாம் அக்கா வட்ஸ்அப்பில் போட்டிருப்பாள். நீ பார்க்கிறாய் என்று நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. போன் எடுத்தால் "வேலை அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிற அந்தக் கலேக்குக் கிட்ட லொறியை எங்கேயும் நிற்பாட்டாதே. இதை முதலே சொல்லிவிடுகிறேன்.

பாரிசுக்குத் தெற்கே ரன்ஜிஸ் மொத்த மார்க்கெட்டில் மரக்கறி ஏற்றிக்கொண்டு ஏ1 பெரிய றோட்டில்தானே வடக்கே போகிறாய். அந்த றோட்டின் இரைச்சல் எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் கேட்கும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்த யன்னலில் நின்று லொறிகளின் நம்பர் பலகையைப் பார்த்து இது போலந்து, இது ஸ்பெயின் என்று சொல்லுவாய். இப்போது நீயே அதில் ஓடுகிறாய். உன் வயதில் எத்தனை பேர் அந்த நாற்பது தொன் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து ஒரு தட்டில் பொருத்துவார்கள்? அப்பா சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அக்காவின் கலியாணத்துக்கு நீ தந்த காசையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறாயே தம்பி, ஒரு நாளாவது ஏறிவந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்தாயா? லொறி நிறுத்த இடமில்லை என்பாய். சரி, அதற்கு நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற சட்டம் எனக்கும் தெரியும். ஓடுகிற நேரத்தைப் பதிகிற தாக்கோ மெஷினைப் பற்றி நீ அப்பாவுக்கு விளக்கியபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரன்ஜிஸிலிருந்து கலே 300 கிலோமீற்றர் சொச்சம். பாரிசைச் சுற்றிப் போகிற பெரிபெரிக் றோட்டில் நெரிசல் இல்லாவிட்டால் நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நெரிசலில் மாட்டினால் அதைத் தாண்டிய உடனேயே, பாரிஸ் பக்கத்திலேயே ஓய்வை எடுத்துவிடு. அதன்பிறகு துறைமுகம் வரை நிற்பாட்டாதே. கலேக்குப் போகிற ஏ26 றோட்டின் கரையில் இருக்கிற பார்க்கிங் ஒன்றும் வேண்டாம், அங்கேதான் சனம் களவாக லொறிக்குள் ஏறுவது. வெளிக்கிட முன்னும் பூட்டைப் பார், சீலைப் பார், போய்ச் சேர்ந்ததும் திரும்பவும் பார். கூரையையும் பார்.

போன வருசம் மாமாவின் மகளின் கலியாணத்துக்கு பஸ்ஸில் வந்தபோது கலேயை நன்றாகப் பார்த்தேன். நீ லொறிப் பாதையில் போவதால் பஸ்ஸில் போகிற சனத்தின் பாடு உனக்குத் தெரியாது. நடுச்சாமத்தில் நித்திரைத் தூக்கத்தோடு எல்லாரையும் இறக்குவார்கள். சீலைப் பெட்டியும் பலகாரப் பையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பிரெஞ்சுப் பொலிஸ் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள், அதைத் தாண்டினால் நாலடியில் இங்கிலாந்துக்காரர் இன்னொரு கூட்டுக்குள். 2003இல் இரண்டு நாடும் லு துக்கேயில் செய்த ஒப்பந்தமாம், இங்கிலாந்தின் வாசல் இங்கேயே இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு ஐயாவிடம் அகதிப் பயணப் புத்தகம்தான் இருந்தது. விசா எடுக்க வேண்டுமென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பேத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் போகிறேன் என்று இங்கிலாந்துக் கூட்டுக்குள் இருந்த பெட்டையிடம் தமிழிலேயே சொன்னார், அவளுக்கு என்ன விளங்கும்? திருப்பி விட்டார்கள். அவர் பையிலிருந்த பயத்தம் பணியாரத்தை எங்களிடம் தந்து, கொண்டுபோய்ச் சேருங்கள் பிள்ளை என்றார். சேர்த்தோம்.

பிறகு பஸ் அந்த வெள்ளை வேலிகளுக்கு நடுவாலே போனது. எவ்வளவு உயரம், மேலே முள்ளுக்கம்பிச் சுருள். றோட்டுக் கரையில் ஒளிக்க இடமில்லாமல் மரங்களையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். 2016 ஒக்டோபரில், இங்கிலாந்துக்குப் போக வந்தவர்கள் தங்கியிருந்த அந்தப் பெரிய முகாமை உடைத்தார்கள். ஆயிரக்கணக்கான சனம் இருந்த இடம். முகாமை உடைத்தால் சனம் இல்லாமல் போய்விடுமா? லொறியில் ஏற வழி குறையக் குறைய ரப்பர்ப் படகில் ஏறுகிறார்கள். 2021 நவம்பர் 24ஆம் திகதி ஒரே படகில் போய் 27 பேராவது செத்தார்கள். அன்றைக்கு முழுக்க அப்பா டிவியை நிறுத்தவேயில்லை.

நான் சுற்றிச் சுற்றி எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும்.

ராசா, உனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அத்தானாகச் சொல்லவில்லை, நான்தான் விடாமல் கேட்டு வாங்கினேன், அவரோடு கோபிக்காதே. உள்ளுக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டு நீ கதவைத் திறந்தாயாம். பெடியன்கள், சூடான்காரராம். ஒருவன் குளிரில் எழும்ப முடியாமல் இருந்தானாம். நீ உன் ஜக்கெற்றைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டுப் பொலிஸுக்கு அடித்தாயாம். பொலிஸ் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் ஜக்கெற்றைத் திருப்பித் தந்தானாம். அன்றிலிருந்து நீ ஒருவரோடும் கதைப்பதில்லை என்று அத்தான் சொன்னார்.

இனி நான் சொல்லப் போவது அக்காவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பிரான்சுக்கு இருக்க வந்தவள் இல்லை. லண்டனில் பெரிய மாமா இருந்தார், அவரிடம் போகத்தான் வந்தேன். 1990இல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் ஒரு இரவில் படகில் தப்பிப் போனோம், அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். கலேக்கும் டோவருக்கும் நடுவில் இருக்கிற கடலும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான், ஆக ஒடுங்கின இடத்தில் 33 கிலோமீற்றர். வெளிச்சமான நாளில் அந்தப் பக்கத்து வெள்ளை மலை தெரியும். அடுத்த வருசம் ஏஜென்சிக்காரன் எங்களைக் கலேக்குக் கொண்டுவந்து, இருட்டும் வரை நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கிற பூங்காவில் இருக்கச் சொன்னான். மண்டபத்துக்கு முன்னால் ஆறு ஆண்களின் சிலை நிற்கும். கழுத்தில் கயிறு, ஒருவரின் கையில் பெரிய திறப்பு. தூக்கில் போடக் கொண்டுபோகிற கள்வர் என்று நினைத்தேன். 1347இல் இங்கிலாந்து அரசன் ஊரை வளைத்துப் பட்டினி போட்டபோது, ஊர்ச் சனத்தைக் காப்பாற்றத் தங்களைக் கொடுக்க முன்வந்தவர்கள் அவர்கள் என்று கனகாலம் கழித்து அப்பா வாசித்துச் சொன்னார். செய்தவர் ரோடன் என்கிற பெரிய சிற்பி.

இரவு ஒரு படங்கு லொறியில் ஏற்றினார்கள். உள்ளே அப்பிள் பெட்டி. பெட்டிகளுக்கும் படங்குக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கிற இடம்தான். மூச்சு விட்டால் படங்கு அசையும் என்று ஏஜென்சிக்காரன் வெருட்டியிருந்தான். அப்பிள் வாசம் முதலில் நல்லாயிருந்தது, பிறகு தலை சுற்றத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அப்பிள் வாங்குவதில்லை, அம்மாவுக்கு ஒத்துவராது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது இதுதான்.

படங்குக் கயிறு பிழையாகக் கட்டியிருந்ததைச் சாரதி கண்டுவிட்டான். தோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவன் கத்தவில்லை. எங்களை இறங்கச் சொல்லி, தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தான். மூடியில் ஊற்றும்போது அவன் கை நடுங்கி என் விரலில் சிந்தியது. குடித்து முடித்ததும் போய்ப் பொலிஸைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

தேத்தண்ணி தந்த கையாலேயே காட்டிக் கொடுத்தானே என்று அவனைக் கனகாலம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். பொலிஸ் விட்டதும் பாரிசுக்குத் திரும்பி வந்தேன், அகதி அலுவலகமான ஒப்ராவில் பதிந்தேன், அப்பாவைக் கண்டேன், நீங்கள் பிறந்தீர்கள். அதற்குப் பிறகும் திட்டியிருக்கிறேன். அத்தான் உன் கதையைச் சொன்ன இரவுதான் அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், கையெல்லாம் நடுங்கிப் போய் அதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருப்பான் என்று நினைத்தேன். எனக்கு அவன் மேல் இப்போது ஒன்றுமில்லை. அந்தச் சூடான் பெடியனுக்கு உன் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். அவன் உயிரோடு இருந்து கோபிக்கட்டும். 2019 ஒக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் லொறியின் குளிர்ப்பெட்டிக்குள்ளே 39 வியட்நாம்காரரைப் பிணமாக எடுத்தார்களே, அந்தப் பெட்டி பெல்ஜியத்திலிருந்து கப்பலேறிப் போனது. அவர்களுக்குக் கதவைத் திறக்க ஒருவரும் இல்லை.

எனக்கு இரண்டு பயம். அடுத்த முறை இரக்கப்பட்டு ஒருவரை ஏற்றிவிடுவாயோ என்று ஒன்று. பிடிபட்டால் ஆளுக்கு 10,000 பவுண்ஸ் வரை அபராதம் என்கிறார்கள், மறியலும் கிடைக்கலாம். மற்றது, மனம் விட்டுப்போய், தட்டுகிற சத்தம் கேட்டும் கேட்காத மாதிரி ஓடிவிடுவாயோ என்று. அப்படிச் செய்யாதே. கலேக்குக் கிட்ட நிற்பாட்டாதே என்று நூறு தரம் சொல்கிறேன், ஆனால் தட்டுகிற சத்தம் கேட்டால் எந்த இடமென்றாலும் ஓரங்கட்டி நிற்பாட்டு. திற. 112க்கு அடி. முதலாளி என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்தப் பூட்டைத் திரும்பவும் பார்.

வழி சொல்கிறேன் என்றேனே. 14ஆம் நம்பர் மெத்ரோவை 2024இல் ஓர்லி வரை நீட்டிவிட்டார்கள், மார்க்கெட்டுக்குக் கிட்ட ஒரு நிறுத்தம் இருக்கிறது. நான் 7இல் ஏறி பிரமிட்டில் மாறினால் நேரே வந்துவிடலாம். விடிய முதல் மெத்ரோவுக்கு ஏறுவேன், நீ ஏற்றி முடிய நான் வந்திருப்பேன். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறேன், ஆட்டிறைச்சிப் பிரட்டலும். 2025 ஏப்ரலிலிருந்து இங்கேயிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியோ பால் சாமானோ ஒன்றும் அந்தப் பக்கம் கொண்டுபோக விடுகிறார்கள் இல்லை, ஆகவே இறைச்சியை அங்கேயே என் முன்னால் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கறித்தூள் தருகிறேன், அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பாவும் வருகிறேன் என்று நிற்கிறார், கால் வீக்கம் வற்றியிருந்தால் கூட்டிவருவேன். கதைக்க விருப்பமில்லாவிட்டால் கதைக்காதே. எந்தக் கிழமை என்று மட்டும் அக்காவுக்கு ஒரு வரி போட்டுவிடு. குளிர் ஜக்கெற் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அளவு சரிதானா என்று போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா